அளவு சட்டை

கும்புடறனுங்க. சைக்கிள் துணி தைக்கற ரெஜினாம்மா நீங்கதானுங்களா? நீங்களாத்தான் இருக்கோணும். உள்ள இருந்து வாரப்ப அந்தக் கதவு நிலைக்குத் தலையைக் குனிஞ்சு வந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஊட்டுலயும் அப்படிக் குனியற புள்ளை ஒண்ணு இருந்துச்சு. இருக்குது.

தண்ணியெல்லாம் வேண்டாமுங்க. சித்தெ உக்காந்தாப் போதும். கீழ வெள்ளைக் கார் நிக்குதே, அது நம்முளுதுதான். என்ற தம்பி தங்கவேலும் அவன் பசங்களும் உக்காந்திருக்கறாங்க. மேல வரமாட்டாங்க, நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. பொம்பளைங்க துணி தைக்கற எடத்துல ஆம்பளைங்க கூட்டமா வந்து நின்னா நல்லாவா இருக்கும்? கூப்பிட்டா வாங்கன்னு சொல்லிப்போட்டு நான் மட்டும் ஏறி வந்தேன்.

காரியம் இதுதானுங்க. என்ற புள்ளைக்கு சைக்கிள் ஓட்டறப்பப் போடற ஜெர்சி ஒண்ணு தைக்கோணும். முழுக்கை வெச்சது. புள்ளை கூட வரலை. அதனால அளவு சட்டை கொண்டாந்திருக்கறேன். ஜாக்கெட் தைக்கக் குடுக்கறப்ப அளவு ஜாக்கெட் குடுக்கறதில்லையா, அதாட்டத்தான். இந்தாங்க. மஞ்சக் கலரு, கொஞ்சம் மங்கிப்போச்சு. என்ற சம்சாரம் தொவைச்சு மடிச்சு பீரோவுக்குள்ள வெச்சிருந்தா. எடுத்தா அழுவறாளேன்னு நான் அவளுக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்தேன்.

ஆளு நேர்ல வந்தாத்தான் சரியா வரும்கறீங்களா? வாஸ்தவம். ஆனா இப்பத்திக்கு வர முடியாதுங்க. இதை வெச்சே தைச்சிருங்க. இதே அளவு. உசரம் எனக்கு ஒரு விரக்கடை கம்மி, அவ்வளவுதான். எந்திரிச்சு நிக்கட்டுங்களா, பாத்துக்கறீங்களா? என்ற உசரம் அப்படியே அவளுக்கு வந்துருச்சு. என்ற சம்சாரம் குள்ளம்.

ஏனுங்க, அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? அக்குள்ல பிரிஞ்சிருக்குதா. தோள்பட்டையில தையல் இழுத்துக்கிட்டு நிக்குதா. இந்தச் சட்டை இதைப் போட்ட புள்ளைக்கே பத்தலையா? அதென்னங்க அப்படிச் சொல்றீங்க. நானே கடைக்குப் போயி வாங்கிக் குடுத்தது. பெத்தவனுக்குத் தெரியாதா புள்ளை அளவு? சரி, நீங்க தொழில் பண்றவங்க. உங்க கணக்குக்கு எச்சா விட்டு வரைங்க.

உங்களைக் கண்டுபுடிக்க நான் பட்ட பாடு இருக்குதே. ஈரோட்டுல ஏறி எறங்காத கடையில்லை. திருப்பூர்ல கேட்டேன், எல்லாரும் பனியனைக் காட்டறாங்க. அப்பறம் கோயமுத்தூர்ல பெரிய பெரிய சைக்கிள் கடையா ஏசி போட்டு வெச்சிருக்கறாங்களே, அங்கயும் போனேன். பொம்பளைங்க சைஸுன்னு தொங்க உட்டிருக்கறதெல்லாம் நம்ம புள்ளைக்கு வயித்துக்கு மேலயே நின்னுக்கும். ஆம்பளை சைஸு எடுத்தா தோள்ல தொளதொளன்னு காத்துல அடிச்சுக்குது, இடுப்புல இறுக்குது. கை மணிக்கட்டுக்கு வாரதில்லை. டவுசர் தொடையில சரியா இருந்தா இடுப்புக்கு எட்டறதில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்கறீங்க? கேட்டுக் கேட்டுத்தான். ஆறு மாசமா இதே பொழப்பு. இன்னைக்கு என்னை ஒரு கடையில வேலைக்கு வெச்சாங்கன்னா நானே யாவாரம் பண்ணிப்போடுவேன்.

ஒரு கடையில இருந்தவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான். "அண்ணா, உசரமான பொண்ணுங்க சைக்கிள் ஓட்டுவாங்கன்னே இந்தக் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாதுங்கண்ணா. ஓட்டறவங்க அத்தனை பேரும் சுத்திச் சுத்திக் கடைசியில ரெஜினாக்காகிட்டத்தான் போயி நிப்பாங்க"ன்னான். அத்தனை பேரும்னான் பாருங்க. அந்த வார்த்தை என்ற மனசுல உக்காந்துக்கிச்சு. அவனுக்கு டீக்குக் காசு குடுத்துட்டு வந்தேன்.

நீங்க பாட்டுக்கு வரைங்க. நான் பேசிட்டே இருந்தா வேலை கெடும்னு நெனச்சுக்காதீங்க. காக்கித்தாள்ல கோடு இழுக்கறதைப் பாக்கறதே சொகமா இருக்குது. முதுகுக்கு அத்தனை நீளமா விடறீங்க? ஓ, குனிஞ்சு ஓட்டறப்ப மேல ஏறாம இருக்கறதுக்கா. ஆமாங்க, அதுதான். எல்லாம் அந்த முதுகுலதான் ஆரம்பிச்சுது, சொல்றேன். இது கைங்களா? எங்கூர் டெய்லரு ஒரு கையை வரைஞ்சு, தாளை மடிச்சு வெச்சு ரெண்டையும் ஒண்ணா வெட்டிப்போடுவான். நீங்க வலது கையைத் தனியா, எடது கையைத் தனியா வரையறீங்க. எடதுல முழங்கைக்கிட்டச் சித்தெ வளைச்சு, எச்சாத் துணி விட்டு. நல்ல வேலைங்க. நான் குறுக்க பேசலை.

உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. புள்ளை ஊட்டுல இல்லீங்க. கோகிலவாணின்னு பேரு, வாணின்னு கூப்புடுவோம். தை நோம்பிக்கு மாட்டுக்குப் பொட்டு வெச்சவ, மாசி பொறக்கறதுக்குள்ள போயிட்டா. கல்யாணத்துக்கு நாள் குறிச்சு, பத்திரிகை அடிச்சு, ஒறம்பரைக்கெல்லாம் வெத்தலை பாக்கு வெச்சாச்சு. காலையில சைக்கிள் ஓட்டப் போறேன்னு போனவதான். சைக்கிளோடயே போயிட்டா. ஒரு மாத்துத் துணி எடுக்கலை. நகை எடுக்கலை. அந்த சைக்கிள் மட்டும்.

ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தோம். வயசு வந்த புள்ளைங்கன்னு அவங்க கையை விரிச்சுட்டாங்க. தம்பி தெரிஞ்சவங்களை வெச்சுப் போன் நம்பரைப் போட்டுப் பாத்தான். அந்தப் போனு அமராவதி ஆத்துக்குள்ள கெடக்குதோ என்னமோ. எல்லாரும் ஓஞ்சு உக்காந்துட்டாங்க. நான் ஒருநாள் கட்டல்ல படுத்துட்டு ரோசனை பண்ணினேன். நம்பரை மாத்திப்போடலாம். பேரை மாத்திப்போடலாம். ஊரை மாத்திப்போடலாம். உசரத்தை என்னங்க பண்ண முடியும்? சைக்கிளை உட மாட்டா, அது எனக்குத் தெரியும். சைக்கிள் ஓட்டினா துணி கிழியும். துணி கிழிஞ்சா வேற துணி வேணும். அவ அளவுக்குக் கடையில கெடைக்காது. அப்பறம் எங்க போவா? சொல்லுங்க.

பயப்படாதீங்கம்மணி. அடிக்கவா புடிக்கவா வந்திருக்கறேன். புள்ளையைப் பாத்து ஒரு துணி குடுக்கோணும். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவோணும். அவ்வளவுதான் என்ற ஆசை.

சைக்கிள் வாங்கிக் குடுத்ததே நாந்தானுங்க. அவ பள்ளிக்கூடம் போறப்ப ஊருல இவளைவிட உசரமா ஒரு பையன் இல்லை. குனிஞ்சே நடப்பா. கூன் உழுந்துருமேன்னு எனக்குக் கவலை. சைக்கிள்ல ஏறிட்டா உசரம் தெரியறதில்லை பாருங்க, அதுல அவளுக்கு ஒரு சந்தோசம். வெசையா ஓட்டுவா. காங்கயம் ரோட்டுல நான் பைக்குல போறேன், என்னைத் தாண்டிப் போயி, திரும்பிப் பாத்து சிரிச்சா. அன்னிக்கு நான் எத்தனை பேருகிட்டச் சொன்னேன் தெரியுங்களா. பால் ஊத்தற எடத்துலகூட நின்னு சொன்னேன்.

ரேசுன்னாங்க, கூட்டிட்டுப் போனேன். ஜெர்சி போட்டாத்தான் ஓட்ட உடுவாங்கன்னாங்க, இந்த மஞ்சச் சட்டையை வாங்கிக் குடுத்தேன். "அப்பா, இது சின்னதா இருக்குதுங்கப்பா, குனிஞ்சா மேல ஏறுதுங்கப்பா"ன்னா. "போட்டா இளகிக்கும் சாமி"ன்னேன். அவளும் போட்டுக்கிட்டா. ஜெயிச்சுட்டுத்தான் வந்தா. ஆனா எவனோ போட்டோ எடுத்துப்போட்டான். குனிஞ்சிருக்கறா, சட்டை மேல ஏறி, முதுகு ஒரு சாண் தெரியுது. அது போன் போனாப் போயி எங்க ஒறம்பரை பூரா வந்துருச்சு. ஜெயிச்சதை ஒருத்தன் கேக்கலை. முதுகைத்தான் கேட்டாங்க. தங்கவேலு ரெண்டு நாள் எங்கூடப் பேசலை.

நான் என்ன பண்ணினேன், சைக்கிளைப் புடுங்கி வெச்சனா? இல்லீங்க. வேற அப்பனா இருந்தா பண்ணியிருப்பான். என்ற முழுக்கைச் சட்டையை எடுத்துக் குடுத்து, இதை மேல போட்டு ஓட்டு கண்ணுன்னேன். பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன். வெயில்ல தொப்பலா நனைஞ்சு வருவா. சட்டை காத்துல பொடச்சுக்கிட்டுப் பின்னால இழுக்குதுங்கம்பா. அப்பறம் ஜெயிக்கறதும் நின்னு போச்சு. ஜெயிச்சு என்ன பண்றது, உடுங்க.

அப்பறம் ஒருநாள் ஞாயித்துக்கெழமை, கருநீலத்துல ஒரு ஜெர்சி போட்டு வந்து எறங்கினா. நான் வாசல்ல மாட்டுக்குத் தவுடு கலக்கிட்டு இருக்கறேன். சைக்கிளைச் செவுத்துல சாத்தறதுக்குக் குனிஞ்சா. முதுகு தெரியலை. தோள் தொளதொளங்கலை. கை மணிக்கட்டுல வந்து கச்சிதமா நின்னுது. என்ற புள்ளை நிமிர்ந்து நிக்கறதை அன்னிக்குத்தான் பாத்தேன். அத்தனை அளவா இருந்துச்சு. அந்த அளவைப் பாத்துத்தானுங்க தவுட்டுக் கையோடயே எந்திரிச்சு அவகிட்டப் போனேன்.

கடையில கெடைக்காதுன்னு எனக்குத் தெரியுமல்லங்க? அப்ப யாரோ தைச்சிருக்கோணும். அளவா தைக்கோணும்னா யாரோ கிட்ட நின்னு டேப்பைப் புடிச்சிருக்கோணும். தோள்ல, முதுகுல, கையில. பெத்தவன் நானே புள்ளை வளந்ததுக்கப்பறம் தொட்டதில்லை. எவன் அளந்தான்னு கேட்டேன். அது ஒண்ணுதான் கேட்டேன். சைக்கிளைத் தொடைக்கப் போயிட்டா.

விசாரிச்சா, அளந்தது கூட சைக்கிள் ஓட்ட வாரவங்கள்ல ஒருத்தன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் பண்றவன். பேரு என்ற வாயில வராதுங்க. என்ன ஆளுங்கன்னு கேட்டா, நம்ம தோட்டத்துக்குக் களை வெட்ட வாரவங்க வகையறா. நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லீங்கம்மணி. வெளியூர் போனா அவங்க கையில தண்ணிகூட வாங்கிக் குடிப்பேன். ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குதே. தம்பின்னு ஒருத்தன் இருக்கறானே.

எங்க பெரியப்பன் பேத்தி ஒருத்தி, மேனகான்னு, இப்படித்தான் ஒருத்தன்கூடப் போயிட்டா. நல்லபடியாப் பேசித்தான் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. தங்கவேலுதான் போயிக் கார்ல கூட்டிட்டு வந்தான். வந்த வாரத்துலயே வயித்து வலின்னு படுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போகறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. விடியறதுக்கு முன்னாலயே எடுத்துட்டாங்க. கோடித் துணி எடுக்க ஆளில்லை, நாந்தான் கடைக்காரனை எழுப்பி வாங்கியாந்தேன். சீலைக்கு என்னங்க அளவு, அது யாருக்கும் சேரும். ஜாக்கெட்டுதான் தொளதொளன்னு கெடந்துச்சு. எனக்கு மனசு பொக்குனு போயிருச்சு. கடைசியாப் போடற துணியாச்சும் அளவா இருக்க வேண்டாமுங்களா?

என்ன சொல்லிட்டு இருந்தேன். கருநீலச் சட்டை. அதைக் கழட்டச் சொல்லி கத்திரியில நறுக்கிப்போட்டேன். நறுக்கறப்ப வந்து புடுங்கினா. நான் அவ கையைப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன், அவ்வளவுதான். படியில போயி உழுந்துட்டா. எடது கை. ஒரு நாளும் அவளை அடிச்சவன் இல்லீங்க நான், ஊருல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி உழுந்தீங்க, யாரு தள்ளுனாங்கன்னு கேப்பாங்க. எதுக்கு வம்புன்னு கட்டுப் போடற வைத்தியரை ஊட்டுக்கே கூட்டியாந்தோம். கை கூடிருச்சு. ஆனா முழங்கைக்கிட்ட வளைஞ்சு கூடிப்போச்சு. நேரா நீட்ட வராது. மாப்பிளை ஊட்டுக்காரங்க பாக்க வந்தப்பச் சீலை முந்தானையில மறைச்சு உக்காந்திருந்தா. அந்தக் கையோடதான் சைக்கிளை ஓட்டிட்டுப் போயிருக்கறா. நெனச்சாப் பெருமையாவும் இருக்குது.

ஏனுங்கம்மணி.

கையைப் பத்திச் சொன்னா எல்லாரும் ஐயோம்பாங்க. வாரப்பத் தாராபுரத்துல கார் நிறுத்தினோம், எளநி வெட்டறவகிட்டப் பேச்சுவாக்குல சொன்னேன். அவகூட, ஐயோ பொட்டப்புள்ளைக்குப் போயின்னா. நீங்க சொல்லலியே. கத்திரியைக் கையில எடுத்தவங்க அப்படியே நிக்கறீங்க.

இந்த மஞ்சச் சட்டை, கை ஒடையறதுக்கு முந்தின வருசத்துச் சட்டைங்க. விரிச்சுப் பாருங்க, ரெண்டு கையும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வளைவு கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் கைப்பேச்சை எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாலயே நீங்க எடது கையைத் தனியா வளைச்சு வரைஞ்சு வெச்சுட்டீங்க. நான் அப்பவே பாத்தேன். அதுக்குத்தான் கைக் கதையையே சொன்னேன். இல்லீன்னா இதையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா?

பதறாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. உசரத்தைச் சொன்னதும் உங்க கை அதும்பாட்டுக்கு வரைஞ்சுருச்சு. போன வாரமோ அதுக்கு முந்தின வாரமோ வரைஞ்ச கைதானே. உங்களுக்கே தெரியாமத்தான் வந்திருக்கும். நீங்க வாயைத் தெறந்து ஒண்ணும் சொல்லலை, அவகிட்ட நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன். ரெஜினாக்கா ஒரு வார்த்தை சொல்லலை கண்ணு, அளவு மட்டும் சரியா எடுத்திருந்தாங்கன்னு சொல்றேன்.

போனை அந்தப் பக்கமே வெச்சிருங்க. எனக்குச் சத்தம் கேட்டா தலை வலிக்கும்.

இப்பத்தான் பாக்கறேன், அந்த மூலையில ஹேங்கர்ல தொங்கறது. கருநீலம். அதே கருநீலம். எடது கையில இன்னும் குண்டூசி குத்தி வெச்சிருக்குது, தையல் போடலை. அப்ப அவ போட்டுப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் தையல் போடுவீங்க. அதுக்கு அவ வரோணும். இன்னைக்கா, நாளைக்கா? சொல்ல வேண்டாமுங்க. உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். உங்க மொகமே சொல்லுது.

நான் இந்த நாற்காலியிலயே உக்காந்துக்கறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. தங்கவேலுகிட்டக் காரைக் கொஞ்சம் தள்ளி, அந்தப் புளிய மரத்துக்குப் பின்னால போடச் சொல்லிப்போடறேன். வாசல் மறைக்கும் பாருங்க, சைக்கிள் நிறுத்தறவங்களுக்கு எடைஞ்சலா இருக்கும்.

நீங்க நம்ம வேலையைப் பாருங்க. கத்திரியைக் கீழ வெக்காதீங்க, வெட்டுங்க. இந்த மஞ்சச் சட்டை அளவு வேண்டாம். நீங்க போட்ட கோட்டுப்படியே வெட்டுங்க. முதுகு நீளமா, எடது கை வளைவா. இந்த ஒரு துணியாச்சும் என்ற புள்ளைக்கு அளவா இருக்கட்டும்.